'கிள்ளான் ரயில் சதகம்' விற்றுப்போன விதம்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.
ஆங்கீரச வருஷம் ஆடி மாதம், புதன்கிழமை.

ரவாங் என்னும் மாபெரும் ராஜதானியை (நாலு தகரக் கொட்டகையும் இரண்டு கள்ளுக்கடையும் இருந்தால் ராஜதானி என்று சொல்லலாம் அல்லவா) தன் இருப்பினால் அலங்கரிக்கும், தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியும், என் அக்காள் வயிற்றில் தவறிப் பிறந்த கவிராயனுமாகிய சிரஞ்சீவி கன்னையாவுக்கு, ரயில்வே கூட்ஸ் ஷெட்டை இருபத்தாறு வருஷம் ஒற்றைத் தோளில் தாங்கி நின்று ஓய்வுபெற்றவனும், 'கிள்ளான் ரயில் சதகம்' என்னும் நூறு செய்யுளை இயற்றி மூன்று உலகத்தையும் கதிகலங்க வைத்தவனுமாகிய உன் தாய்மாமன் பக்கிரிசாமி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை இராஜம்மாவும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். தோட்டத்துக்குத் தோட்டம் ஆளைக் குறைத்து இந்தியாவுக்குக் கப்பலேற்றுகிற இந்தக் காலத்தில் அதற்கு மேல் கேட்பது பேராசை. அங்கேயும் அவ்வண்ணமே என்று நம்புகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. 'ஒழுக்கச் சுடர்' என்று ஒரு நூல் எழுதி அச்சிட்டு, முந்நூறு பிரதியைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி, கட்டில் அந்தரத்தில் நிற்பதாகவும், கடையில் வைத்ததில் நாலு மாதத்தில் இரண்டே பிரதி போனதாகவும், அந்த இரண்டையும் நீயே வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு போய் வாங்கியதாகவும் எழுதியிருக்கிறாய். 'மாமா, உங்கள் சதகம் மட்டும் எப்படி இப்படிப் பறக்கிறது, அந்த வித்தையைச் சொல்லுங்கள்' என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். சரக்கு ஏற்றிய வேகனைத் தள்ளிப் பார்த்திருக்கிறாயா? முதல் அடி நகர இருபது பேர் தோள் கொடுக்க வேண்டும். எட்டு அடி போனால் இரண்டு பேர் போதும். எண்பது அடி போய்விட்டால் யாருமே வேண்டாம், தானே போகும். புத்தகமும் அப்படித்தான். முதல் அடியில்தான் சூட்சுமம் இருக்கிறது. போகிற வேகனை நிறுத்துவது எப்படி என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது. அதையும் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

முதலில் சாற்றுகவி வாங்கினேன். சிலாங்கூரில் புலவர் என்று பெயர் வைத்துக்கொண்டு நடமாடும் பதினொரு பேரிடமும் போய், 'என் நூலைப் புகழ்ந்து ஒரு பாட்டுப் பாடித் தாருங்கள்' என்றேன். பாடினார்கள் பார், கன்னையா! ஒருவர் நான் பிறந்த அன்று தேவலோகத்தில் தீபாவளி கொண்டாடினார்கள் என்றார். இன்னொருவர் கிள்ளான் ஆறே என் சதகத்தைக் கேட்டுத் திரும்பிப் பாய்ந்ததாக எழுதினார். புகழ்ச்சி முப்பது பக்கம், நூல் இருபத்தைந்து பக்கம். பதினொரு பேரும் ஆளுக்கு ஒரு பிரதி இலவசமாக வாங்கிக்கொண்டு போனார்கள். பன்னிரண்டாவது பிரதி அசையவில்லை.

அடுத்தது நோட்டீஸ். சந்தை கூடும் பாசார்ச் சுவர் முழுக்க ஒட்டினேன். மறுநாளே எவனோ அதன் கீழ்ப்பாதியில் தன் மருந்து நோட்டீஸை ஒட்டிவிட்டான். 'கிள்ளான் ரயில் சதகம்' என்று கொட்டை எழுத்தில் மேலே, 'மூலம், பௌத்திரம் இரண்டுக்கும் கைகண்டது' என்று கீழே. பெரியவர் ஒருவர் வீடு தேடி வந்து, இதை உள்ளுக்குச் சாப்பிடுவதா, மேலே பூசுவதா என்று விசாரித்தார். உன் அத்தை உள்ளேயிருந்து, "ரெண்டும் வேணாம் பெரியவரே, அது மேல உக்காந்தா போதும், நாங்க அப்படித்தான் உக்காந்திருக்கோம்" என்றாள். உண்மைதான். வீட்டில் நாற்காலியாகவும் பலகையாகவும் சதகக் கட்டுகள்தான் இருந்தன. வாசகசாலையில் பிரசங்கம் வைத்தேன். மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் சாவி வைத்திருப்பவர், ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர், மூன்றாமவர் மழைக்கு ஒதுங்கியவரைத் தேடி வந்தவர்.

அப்போதுதான் கடைசித் தாளைப் பார்த்தேன். நூல் அச்சிடுமுன் கையொப்பம் சேர்ப்பது நம் வழக்கம் அல்லவா? 'எனக்கு ஒரு பிரதி' என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டவர்கள் பெயரை எல்லாம் நூலின் கடைசியில் ஊரோடு அச்சிடுகிறோம். எனக்கு ஒப்புக்கொண்டவர்கள் நாலு பேர். நாலு பேர் என்றால் பாடை தூக்கத்தான் சரி. இந்த இடத்தில்தான் உன் மாமனுடைய மூளை, ஆண்டவன் கூட எட்டிப் பார்க்கப் பயப்படுகிற அந்த ஆழ்கிணறு, ஒரு சத்தம் போட்டது. ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டத்தில் ஆபீஸ் கிராணியாக இருக்கும் என் சிநேகிதன் தங்கமணியிடம் போனேன். வேலைக்கு வருகிறவர்களைப் பெயர் கூப்பிடும் செக்ரோல் புத்தகம் அவன் கையில்தானே இருக்கிறது? அதிலிருந்து முந்நூற்றுப் பதினாறு பெயர்களை, ஆளின் பேர், சொந்த ஊர், இப்போது இருக்கும் தோட்டம் என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்து, ஜெய்னுதீன் ராவுத்தர் அச்சுக்கூடத்தில் கொடுத்து, கடைசித் தாளைப் புதிதாக அடிக்கச் செய்து எல்லாப் பிரதியிலும் ஒட்டினேன். ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் கொடுப்பார்களா என்ன?

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஜனங்கள் குடியிருக்கும் லயத்தில் போய் நின்று, 'உங்க பேரெல்லாம் புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். வேகன் நகர்ந்தது! கன்னையா, பிறந்ததிலிருந்து தன் பெயரைச் செக்ரோலில் ஆப்சென்ட் போடும்போது மட்டும் கேட்டிருக்கிற ஜனங்கள். "எதுய்யா என் பேரு, காட்டுங்க" என்று ஒரு கிழவன் கேட்டான். காட்டினேன். கண்ணில் ஒற்றிக்கொண்டான். இன்னொருத்தி, "பக்கத்து வீட்டுக்காரி பேரு எனக்கு மேல இருக்கே, இது நாயமா?" என்று சண்டைக்கே வந்தாள். அன்று மாலைக்குள் கூடை காலி. சதகத்தில் ஒரு வரியையாவது ஒருவராவது படித்தார்களா என்று கேட்காதே. புத்தகத்தைக் கடைசியிலிருந்து திறந்து, கடைசியிலேயே மூடினார்கள்.

அதற்கு அடுத்த வாரம் எட்டடியும் போய்விட்டது. யார் கிளப்பினார்களோ தெரியாது, 'அந்தப் புத்தகத்தில் பேர் உள்ளவர்களைக் கப்பலேற்ற மாட்டார்களாம், அது துரைமார் பார்த்து வைத்த பட்டியலாம்' என்று ஒரு பேச்சுப் புறப்பட்டது. நான் மறுத்திருக்க வேண்டும். மீசையைத் தடவிக்கொண்டு, 'எல்லாம் வெளியே சொல்லக்கூடாது' என்றேன். பக்கத்துத் தோட்டம், அதற்கடுத்த தோட்டம், கிள்ளான் பாசார், கோயில் வாசல், எங்கும் சதகம். 'எங்க தோட்டத்துப் பேர் எப்ப வரும்?' என்று கட்டை வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். ராவுத்தர் அச்சுக்கோத்ததைக் கலைக்காமல் இரண்டாம் பதிப்புக்குத் தாள் வெட்டினார். நான் தெருவில் நடந்தால் மழை கூட ஒதுங்கிப் பெய்தது.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும். கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்திருக்கிறாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஐயா, புத்தகம் போட்டவரு நீங்கதானா?"

"நானேதான் அம்மா. எத்தனை வேண்டும்?"

"எம்பேரு வீரம்மா. எம்பேரை எடுத்துடுங்க."

எல்லாரும் பேரைப் போடச் சொல்லும் ஊரில் இவள் எடுக்கச் சொல்கிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. "ஏனம்மா, என் சதகத்தில் இருப்பது உனக்குக் கௌரவக் குறைச்சலா?" என்றேன். அவள் இடது கையை நீட்டினாள். ரப்பர் பால்மரத்தில் கத்தி போடுவார்களே, சாய்வாக, ஒன்றன் கீழ் ஒன்றாக, அதே மாதிரி முழங்கை வரைக்கும் கோடுகள். அளவெடுத்துப் போட்டவன் நல்ல வேலைக்காரன்.

"எம் புருசன் பேராக் பக்கம் இருக்கான். மூணு வருசமாத் தேடுறான். கண்டா, மரத்துக்குப் போட்டது பத்தாதுன்னு வேரோட எடுப்பேன்னு சொல்லி அனுப்பியிருக்கான். நான் இந்தத் தோட்டத்துல இருக்கேன்னு ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது ஐயா. நீங்க ஊரு, தோட்டம் எல்லாம் சேத்துப் போட்டு பாசார்ல விக்கிறீங்க."

உன் அத்தை அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். முப்பது வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை. "பேரு புகழோட இருக்கணும்னு ஆசைப்பட்டீங்க இல்ல? ஒரு கொலைக்குப் பேரு வாங்கிட்டு வந்துடாதீங்க" என்றாள்.

அன்றே ராவுத்தரிடம் ஓடினேன். "ராவுத்தரே, நிறுத்துங்கள்!" என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, "பக்கிரி, மூணு மாசம் ஒம் புத்தகத்து மேல உக்காந்துதான் நான் சோறு தின்னேன். இப்பதான் தரையில கால் படுது. நிறுத்தவா சொல்றே? பைத்தியமா ஒனக்கு?" என்றார். அந்தக் கையைப் பற்றிச் சொன்னேன். மனிதர் எழுந்து போய், கட்டி வைத்திருந்த பக்கத்தை அவிழ்த்து, கண்ணால் தேடி, அந்த ஒரு வரியின் ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தட்டில் போட்டு, அந்த இடத்தில் வெறுங்கட்டை வைத்து அடைத்தார். "புதுசுல இல்லை. பழசுக்கு நீதான் பொறுப்பு" என்றார்.

கன்னையா, விற்பது ஒரு வித்தை என்றால், விற்றதைத் திரும்பப் பிடுங்குவது வித்தைகளின் பாட்டன். கோணிப்பையோடு தோட்டம் தோட்டமாகப் போனேன். பழசைக் கொடுங்கள், புதுசு தருகிறேன் என்றேன். அவ்வளவுதான். 'புத்தகம் போட்டவரே வந்து பழசைப் பொறுக்குகிறார், பழசில்தான் ஏதோ இருக்கிறது' என்று புதுப் பேச்சு. பழசை வைத்திருந்தவன் அதைத் தலையணைக்குள் வைத்துத் தைத்தான். புதுசு வைத்திருந்தவன் பழசு தேடினான். நான் கெஞ்சக் கெஞ்ச மவுசு ஏறியது. மூளை உள்ள எந்த நூலாசிரியனும் செய்ய வேண்டிய காரியம் இதுதான் என்று அப்போது கண்டுகொண்டேன்: உன் நூலை நீயே ஊரெல்லாம் திரிந்து பிடுங்கு, பிறகு பார். அழுதேன், பொய் சொன்னேன், ஒரு வீட்டில் பூசை மாடத்திலிருந்து திருடினேன். கடைசியில் பதினேழைத் தவிர எல்லாம் என் கைக்கு வந்து, உன் அத்தையின் அடுப்பில் வெந்தன. என் சதகத்தால் ஆகாத காரியமில்லை. ஒரு மாதம் விறகுச் செலவே இல்லை.

இப்போது வருகிறது முக்கிய கட்டம். நேற்றுக் காலை, செவ்வாய்க்கிழமை, ஒருவன் வந்தான். நெட்டையன், தலையில் முண்டாசு, கையில் துணி மூட்டை. மூட்டையை அவிழ்த்து எடுத்தான். என்ன? பழைய பதிப்பு! பதினேழில் ஒன்று!

"ஐயா, கிள்ளான் பாசார்ல ஒருத்தன்கிட்ட வாங்கினேன். எனக்கு எழுத்துத் தெரியாது. புத்தகம் போட்டவரே படிச்சாத் தப்பு வராதுன்னு வந்தேன். இதுல வீரம்மான்னு ஒரு பேரு இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. ஊரு நெடுவாக்குடி."

முகத்தைப் பாறையாக வைத்துக்கொண்டு, "யாரப்பா அவள் உனக்கு?" என்றேன்.

"தங்கச்சி ஐயா. எம்பேரு பழனியப்பன். ஒரே கப்பல்லதான் வந்தோம். எறங்கின எடத்துல அடைச்சு வச்சு, பிரிச்சு அனுப்பிட்டாங்க. அதை ஒரு பக்கம், என்னை ஒரு பக்கம். பதினோரு வருசம் ஆச்சு. எனக்கு இப்பக் கப்பலுக்குப் பேரு எழுதிட்டாங்க, வியாழக்கெழமை. ஊர்லயும் யாரும் இல்லை. அது இங்கதான் எங்கயாவது இருக்குன்னு தெரிஞ்சா நான் கப்பல் ஏற மாட்டேன்."

தங்கச்சியாம்! கன்னையா, பெண்டாட்டியை வெட்ட வருகிறவன் 'நான் புருஷன்' என்று தமுக்கடித்துக்கொண்டா வருவான்? அண்ணன் என்றுதான் சொல்வான். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்வேன். கப்பல், பதினோரு வருஷம், ஊரில் யாருமில்லை, அடுக்கு அடுக்காக எவ்வளவு அழகாகக் கட்டியிருக்கிறான்! பொய் என் சொந்த ஊர். அங்கே வந்து எனக்கே வழி காட்டுகிறானா?

"உட்கார், படிக்கிறேன்" என்றேன். புத்தகத்தை எங்கள் இருவருக்கும் நடுவே பெஞ்சியில் வைத்து, முதல் பெயரிலிருந்து படித்தேன். தோட்டத்துக் கோயில் பூசாரி அர்ச்சனை சொல்வது போல நீட்டி நிறுத்திப் படித்தேன். வீரம்மா, நெடுவாக்குடி என்ற வரி வந்தது. குரல் இறங்கவில்லை. 'பவுனம்மாள், மேலத்தெரு' என்று படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். முந்நூற்றுப் பதினாறையும் முடித்தேன். "இல்லையப்பா" என்றேன்.

"இன்னொரு தரம் படிங்க ஐயா. நான் கவனிக்காம விட்டிருப்பேன்" என்றான்.

இன்னொரு தரமும் படித்தேன். அதே இடத்தில் அதே பவுனம்மாள். மறந்து வேறு பெயரைச் சொல்லிவிட்டால் அகப்பட்டுக்கொள்வேனே! உன் மாமனா அகப்படுவான்? முடிந்ததும் எழுந்தான். புத்தகத்தை எடுக்கவில்லை. "எனக்கு எதுக்கு ஐயா இனிமே, நீங்களே வச்சுக்குங்க" என்று என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். நடிப்பு! அந்தப் பிரதியும் அடுப்பில் போயிற்று. பதினேழு பதினாறானது.

ஆகவே உனக்கு என் உபதேசம்: ஜனங்களின் பேரைப் போடு. ஒரு புரளியைப் பிடி. பிறகு திரும்பப் பிடுங்குவது போல ஓடு. உன் 'ஒழுக்கச் சுடர்' ரவாங்கிலிருந்து ரங்கூன் வரை எரியும். கையோடு ஒரு பெண்ணின் உயிரையும் காப்பாற்றிய நூலாசிரியன் சரித்திரத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன். நாளைக் காலை நானே தோட்டத்துக்குப் போய் வீரம்மாவிடம், 'வந்தான், கிழக்கும் மேற்கும் தெரியாமல் அனுப்பிவிட்டேன், இனி நிம்மதியாகத் தூங்கு' என்று சொல்லிவிட்டு வரப்போகிறேன். உனக்கு அனுப்பிய பிரதியும் பழையதுதான். கடைசித் தாளைக் கிழித்துவிடு. உன் அம்மாவுக்கு, அதாவது என் அக்காளுக்கு, என் நமஸ்காரம். உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் ஆயுள் நீண்டு, கட்டில் தரையில் இறங்கி, தோட்டத்தில் உன் நாற்காலி யாராலும் அசைக்கப்படாமல் இருக்க, முருகன் உன் பக்கம் நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமன்,
சதகச் சக்கரவர்த்தி, பக்கிரிசாமி.

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை. இந்தக் கடிதம் ஒட்டாமல் என் சட்டைப்பையிலேயே கிடந்துவிட்டது. நேற்றுக் காலை தோட்டத்துக்குப் போனேன். வீரம்மா பால் வாளியோடு வந்தாள். மார்தட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வந்தவனுக்கு எழுத்துத் தெரியாது, என்னிடமே வந்து மாட்டிக்கொண்டான், அவள் பெயருக்குப் பதில் வேறு பெயரை வைத்து இரண்டு தரம் படித்து ஏமாற்றினேன் என்றேன்.

"எழுத்துத் தெரியாதா?" என்றாள். "எம் புருசன் படிச்சவன் ஐயா. தோட்டத்துல எல்லாருக்கும் காயிதம் எழுதிக் குடுக்கிறதே அவன்தான். அவன் எதுக்கு உங்ககிட்ட வரணும்?" அதன்பிறகு, "பேரு ஏதாச்சும் சொன்னுச்சா?" என்று கேட்டாள்.

சொன்னேன். வாளியைக் கீழே வைத்தாள். கவிழ்க்கவில்லை, பத்திரமாகவே வைத்தாள்.

ரப்பர் ஷீட் ஏற்றிய லோரி ஒன்றில் தொற்றிக்கொண்டு சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்குப் போனோம். கப்பல் கரையை விட்டு விலகிவிட்டிருந்தது. முண்டாசும் மூட்டையுமாக ஆயிரம் பேர் ஓரத்தில் நின்றார்கள். 'பழனியப்பா!' என்று என் குரல் கிழியக் கத்தினேன். நாற்பது பழனியப்பன்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதில் அவன் இருந்தானா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை, பதினோரு வருஷம் ஆயிற்றே. பொதுவாகக் கையை ஆட்டினாள்.

மேலே எழுதிய உபதேசம் எதையும் செய்யாதே. கட்டில் உயரமாகவே இருக்கட்டும்.

திரும்பும் ரயிலில் கிள்ளானில் இறங்குமுன் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எம்பேரு இருந்த எடத்துல, நீங்க அந்த வேற பேரைப் படிச்சப்போ, அண்ணன் என்ன பண்ணுச்சு ஐயா?"

ஒன்றை மேலே எழுதாமல் விட்டேன், கன்னையா. அவனுக்கு எழுத்துத் தெரியாதுதான். ஆனால் நான் ஒவ்வொரு பெயராகப் படிக்கப் படிக்க, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து என்னோடு கூடவே இறங்கி வந்தான். நான் பவுனம்மாள் என்றபோது அவன் விரல் அவள் பெயரின்மேல் இருந்தது. நான் அடுத்ததைப் படித்ததும் எடுத்துக் கீழே வைத்தான். இரண்டு தரமும்.

"கவனமாக் கேட்டுக்கிட்டிருந்தான் அம்மா" என்று சொன்னேன்.